முன்ஷியிலிருந்து சாட்ஜிபிடி வரைக்கும்

ராஜா, போர், கோவில், கல்வெட்டு... வரலாறுன்னா நமக்கு இதுதான். வேலை தேடிப் போனவன், போறதுக்கு முந்தின ராத்திரி யார் கிட்ட உட்கார்ந்து என்ன கத்துக்கிட்டான்ங்கிற வரலாறு யாருக்கு வேணும்? எனக்கு வேணும். கெடார்லேருந்து பஸ் பிடிச்சு காணை வழியா விழுப்புரம் போய், அங்கேருந்து ரயில்ல சுமார் 160 கிலோமீட்டர் தாண்டி சென்னையில இன்டர்வியூவுக்கு நிக்கிற பசங்களுக்கு, அந்த முந்தின ராத்திரி வரலாறுதான் பக்கத்து வரலாறு. இப்போ அந்த ராத்திரியில புதுசா ஒருத்தர் வந்து உட்கார்ந்திருக்கார். பேரு ஏஐ. நல்லவரா கெட்டவரான்னு எல்லாரும் அடிச்சிக்கிறாங்க. அவருக்கு முன்னாடி அதே பாய்ல யாரெல்லாம் உட்கார்ந்திருந்தாங்கன்னு பார்த்துட்டு அப்புறம் சண்டைக்குப் போகலாம்.

முதல்ல நம்ம ஊர்ப் பெருமை கொஞ்சம். விக்கிரவாண்டி பக்கம் எண்ணாயிரம்னு ஒரு ஊர் இருக்குல்ல, அங்கே முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி அங்க ஒரு கல்லூரி நடந்திருக்கு. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். அதுல 270 பேர் ஜூனியர், 70 பேர் சீனியர். தினப்படி நெல்லு அளந்து கொடுத்திருக்காங்க, ஸ்டைபெண்டு மாதிரி. படிப்பு என்னன்னா வேதம், வியாகரணம், மீமாம்சை, வேதாந்தம். யாருக்கு அந்தப் படிப்புன்னு நான் தனியா சொல்ல வேண்டியதில்லை. உத்திரமேரூர்ல அதுக்கும் நூறு வருஷம் முன்னாடி, 919லயும் 921லயும், முதலாம் பராந்தகன் காலத்துல குடவோலை முறைக்கு விதி வெட்டி வெச்சிருக்காங்க. வயசு 35லேருந்து 70க்குள்ள, வரி கட்டுற நிலம் வேணும், சொந்த மனையில வீடு வேணும், வேதம் தெரிஞ்சிருக்கணும். தகுதி இருக்குறவன் பேரை ஓலையில எழுதி குடத்துல போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லுவாங்க. இன்டர்வியூவே கிடையாது! வடிகட்டல் எல்லாம் குடத்துக்குள்ள ஓலை போறதுக்கு முன்னாடியே முடிஞ்சுடும். இதை ஞாபகம் வெச்சிக்குங்க, கடைசியில வேற ஒரு குடம் வரும்.

நம்ம பக்கத்துல 'வேலைக்குப் பேச்சுத் திறமை'ங்கிற சமாச்சாரம் கப்பல்லதான் வந்து இறங்கிச்சு. விழுப்புரத்துலேருந்து எட்டிப் பார்க்கிற தூரத்துல புதுச்சேரி. அங்க பிரெஞ்சுக்காரனுக்கு துபாஷ் வேலை. துபாஷ்னா ரெண்டு பாஷை தெரிஞ்சவன். ஆனந்தரங்கப் பிள்ளை 1736ல நாட்குறிப்பு எழுத ஆரம்பிச்சார். தலைமைத் துபாஷா இருந்த கனகராய முதலி 1746ல இறந்தப்புறம் அந்த இடம் யாருக்குன்னு ஊருக்குள்ள ஒரே பரபரப்பு. அந்தக் காலத்துல வேலைக்கு 'பிரிபேர்' பண்றதுன்னா கவர்னர் வீட்டு வாசல்ல நிக்கிறது, காணிக்கை கொடுக்கிறது, யார் யாரைப் பத்தி என்ன சொன்னாங்கன்னு காதுல வாங்கிக்கிறது. அந்தப் பதவி கடைசியில ஆனந்தரங்கருக்குத்தான் வந்துச்சு. டைரியைப் படிக்கிறவங்களுக்குத் தெரியும், அந்த மனுஷனுக்கு எவ்வளவு பதட்டம்னு. இன்னிக்கு ஆஃபர் லெட்டருக்காக மெயிலை ரெஃப்ரெஷ் பண்ணிக்கிட்டே இருக்கிறவனுக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை :)

எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டம் இதுக்கு அடுத்தது. 1812ல சென்னையில, புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரின்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. எல்லிஸ் துரை, திருக்குறளை மொழிபெயர்த்தாரே அவரேதான், அதுக்குப் பின்னாடி இருந்த முக்கியமான ஆளு. கல்லூரியில மாணவன் யாரு? வெள்ளைக்காரன். இங்கிலாந்துலேருந்து இருபது வயசு சுமார்ல வந்து இறங்கின ஜூனியர் சிவிலியன். வாத்தியார் யாரு? நம்ம ஆளு. முன்ஷி, பண்டிதர்னு பேரு. தமிழ், தெலுங்குன்னு நாட்டு பாஷை கத்துக்கிட்டு பரீட்சையில தேறினாத்தான் துரைக்குப் படி உயரும், நல்ல போஸ்டிங் கிடைக்கும். அதனால துரை காலையில முன்ஷி கிட்ட உட்கார்ந்து உருப்போடுவாரு. தமிழ்த் தலைமைப் புலவரா இருந்த தாண்டவராய முதலியார், இவங்க படிக்கிறதுக்குன்னே எளிமையான உரைநடையில பஞ்சதந்திரத்தை எழுதினார், 1826ல அச்சாச்சு. தமிழ் உரைநடை வரலாற்றுல அந்தப் புத்தகத்துக்கு ஒரு இடம் இருக்கு. யோசிச்சுப் பாருங்க, நம்ம உரைநடையில ஒரு கிளையே பரீட்சை கைடாத்தான் முளைச்சிருக்கு!

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு. துரைக்கு அறிவு இல்லைன்னு யாரும் அவரை ஒதுக்கலை. பக்கத்துல ஒரு ஆளை உட்கார வெச்சாங்க. தப்பாப் பேசினா திருத்துறதுக்கு, வாய் கூசாம திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறதுக்கு, சம்பளம் கொடுத்து ஒரு ஆள். வெளியில போய் தாசில் கச்சேரியில உளறி அசிங்கப்படறதுக்கு முன்னாடி, நாலு சுவத்துக்குள்ள உளறிக்கிறதுக்கு ஒரு இடம். இந்த வசதி யாருக்குக் கிடைச்சுது, யாருக்குக் கிடைக்கலைங்கிறதுதான் அதுக்கப்புறம் இருநூறு வருஷமா நடக்குற கதை.

அந்தக் கல்லூரியை 1854ல மூடிட்டாங்க. அதே வருஷம்தான் மெக்காலே தலைமையிலான கமிட்டி சிவில் சர்வீஸ் போட்டித் தேர்வு பத்தி அறிக்கை கொடுத்துச்சு. 1855ல லண்டன்ல முதல் தேர்வு. சிபாரிசு ஒழிஞ்சுது, இனிமே மார்க்குதான்னு சொன்னாங்க. உடனே என்ன முளைச்சுது? கோச்சிங் சென்டர்! ரென் அப்படின்னு ஒருத்தர் லண்டன்ல நடத்தின தனிப்பயிற்சிக் கூடம் அவ்வளவு பிரபலம். பணக்கார வீட்டுப் பிள்ளைங்க அங்க போய் மனப்பாடம் பண்ணி ஐ.சி.எஸ். ஆனாங்க. இந்தியாக்காரன் எழுதணும்னா கப்பல் ஏறணும். முதல்ல ஜெயிச்ச இந்தியர் சத்யேந்திரநாத் தாகூர், 1863ல. தாகூர் குடும்பத்துப் பிள்ளை, கப்பலுக்குக் காசு இருந்துச்சு. இந்தியாவுலயே பரீட்சை எழுதலாம்ங்கிற நிலைமை 1922லதான் வந்துச்சு.

நம்ம ராஜதானி விஷயத்துல ஒரு பெருமை உண்டு. 1921ல நீதிக்கட்சி ஆட்சியில வகுப்புவாரி அரசாணை போட்டாங்க. எல்லா சமூகத்துக்காரனும் அரசாங்க ஆபீஸ்ல உட்காரணும்னு. அப்புறம் 1929ல சென்னை மாகாணத்துக்குன்னு சட்டம் போட்டு சர்வீஸ் கமிஷன் அமைச்சாங்க. இந்தியாவுல எந்த மாகாணத்துலயும் அதுக்கு முன்னாடி அப்படி ஒண்ணு கிடையாது. இன்னிக்கு குரூப் 4க்கு லட்சக்கணக்குல பசங்க எழுதறாங்களே, அந்த டி.என்.பி.எஸ்.சி.யோட தாத்தா அது. குரூப் 4ல இன்டர்வியூ கிடையாது. நம்ம மாவட்டத்துல அவ்வளவு பேர் குரூப் 4ஐ கெட்டியாப் பிடிச்சுக்கிறதுக்கு சம்பளம், பென்ஷன் மட்டும் காரணம்னு நான் நினைக்கலை. அங்க யாரும் மேலயும் கீழயும் பார்த்து 'அப்பா என்ன பண்றார்?'னு கேட்க மாட்டாங்க. பேப்பர் திருத்துற மெஷினுக்கு உங்க அப்பா யாருன்னு தெரியாது.

சும்மா சொல்லலை. கோர்ட்டு வரைக்கும் போன விஷயம் இது. 1970ல தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரி அட்மிஷனுக்கு இன்டர்வியூ வெச்சு அதுக்கு 75 மார்க்குன்னு வெச்சிருந்தாங்க. விளையாட்டு, சமூகசேவை, உடல்தகுதி, பொதுத்திறன், ஆப்டிட்யூடுன்னு அஞ்சு தலைப்பு. கமிட்டிக்காரங்க என்ன பண்ணாங்கன்னா, தலைப்பு வாரியா போடாம மொத்தமா ஒரு நம்பரைப் போட்டுட்டாங்க. பெரியகருப்பன் எதிர் தமிழ்நாடு அரசுங்கிற வழக்குல சுப்ரீம் கோர்ட்டு இதைக் குத்திக் காட்டிக் கண்டிச்சுது. நம்ம ஊர்ல இன்டர்வியூன்னா ஒரு சந்தேகம் இருக்குன்னா அதுக்கு இப்படி ஒரு பின்னணி இருக்குங்க.

1981ல அஜய் ஹாசியா வழக்கு இன்னும் சுவாரசியம். ஸ்ரீநகர் ரீஜனல் இன்ஜினியரிங் காலேஜ். எழுத்துத் தேர்வுக்கு 100, இன்டர்வியூவுக்கு 50. ஆளுக்கு ரெண்டு மூணு நிமிஷம்தான் இன்டர்வியூ நடந்துச்சு, அதுலயும் அப்பா யாரு, வீடு எங்கேன்னு சம்பந்தமில்லாத கேள்வின்னு பசங்க முறையிட்டாங்க. மொத்த மார்க்குல 15 சதவீதத்துக்கு மேல இன்டர்வியூவுக்குப் போகக்கூடாதுன்னு கோர்ட்டு சொல்லிச்சு. கூடவே ஒரு யோசனை: இன்டர்வியூவை டேப் ரெக்கார்டர்ல பதிவு பண்ணி வைங்கன்னு! 1981ல! இன்னிக்கு கேமரா முன்னாடி உட்கார வெச்சு ஒவ்வொரு இமைத்துடிப்பையும் ரெக்கார்டு பண்றான், அது வேற விஷயத்துக்கு. அன்னிக்குக் கேள்வி கேட்கிறவனைக் கண்காணிக்க ரெக்கார்டர் கேட்டாங்க. இன்னிக்குப் பதில் சொல்றவனைக் கண்காணிக்க ரெக்கார்டர்.

எங்க தலைமுறைக்குக் கொஞ்சம் முன்னாடி இருந்தவங்களைக் கேட்டா எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சு பத்திச் சொல்லுவாங்க. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு திரும்பி வந்த சிப்பாய்களுக்காக 1945ல ஆரம்பிச்சது, 1948ல எல்லாருக்கும்னு ஆச்சு. பதிவு மூப்பு, ரெனியூவல், ஒருநாள் தபால்ல வர்ற இன்டர்வியூ கார்டு. அந்தக் கார்டு வந்த வீட்டுல பாயாசம் வெச்சவங்க உண்டு, வேலை கிடைச்ச மாதிரி. 1980 தீபாவளிக்கு 'வறுமையின் நிறம் சிவப்பு', 'நிழல்கள்' ரெண்டும் வந்துச்சு. ஒண்ணு பாலசந்தர், ஒண்ணு பாரதிராஜா. ரெண்டுலயும் படிச்சிட்டு வேலை கிடைக்காத பசங்க. ஒரே தீபாவளிக்கு ரெண்டு பெரிய டைரக்டர் ஒரே வயித்தெரிச்சலை எடுத்திருக்காங்கன்னா அந்த வருஷத்துக் காத்து எப்படி அடிச்சிருக்கும்னு பார்த்துக்குங்க.

அந்தக் காலத்துப் பையனோட தயாரிப்பு என்ன? டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுல லோயர், ஹையர். 'ஐ பெக் டு அப்ளை'ன்னு ஆரம்பிச்சு 'யுவர் மோஸ்ட் ஒபீடியண்ட் சர்வண்ட்'னு முடியற விண்ணப்பம். ரேபிடெக்ஸ் புத்தகம். ரென் அண்ட் மார்ட்டின் கிராமர் (லண்டன்ல கோச்சிங் நடத்தின ரென் வேற, இவர் வேற). தலைநகரம் பேரெல்லாம் உருப்போட ஒரு ஜி.கே. புத்தகம். எல்லாம் சரி. ஆனா பேசிப் பார்க்க ஆளு? அதுதான் கிடையாது. ஆபீஸர் வீட்டுப் பையனுக்கு ராத்திரி சாப்பாட்டு மேசையே மாதிரி இன்டர்வியூ. அப்பா கேட்பாரு, அவன் சொல்லுவான், மாமா திருத்துவாரு. கெடார் பக்கத்துல கரும்பு வெட்டிட்டு வந்து படுக்கிற அப்பா கிட்ட 'ஒய் ஷுட் வீ ஹயர் யூ'ன்னு கேளுங்கன்னு எந்தப் பையன் சொல்லுவான்? கண்ணாடி முன்னாடி நின்னு தானே கேட்டு தானே பதில் சொன்னவங்கதான் அதிகம். கண்ணாடி திருத்தாது.

1990களோட கடைசியில, 2000கள்ல ஐ.டி. வந்தப்போ இந்தப் பள்ளம் இன்னும் பெருசாச்சு. கேம்பஸ் இன்டர்வியூ, ஆப்டிட்யூட் டெஸ்ட், குரூப் டிஸ்கஷன், ஹெச்.ஆர். ரவுண்டு. ஆப்டிட்யூட்டுக்கு அகர்வால் புத்தகத்தைக் கரைச்சுக் குடிச்சுடலாம், நம்ம பசங்க கணக்குல யாருக்கும் குறைஞ்சவங்க இல்லை. கவுந்தது எங்கேன்னா குரூப் டிஸ்கஷன்ல. தெரிஞ்ச விஷயத்தை வாயைத் திறந்து சொல்றதுக்குள்ள கான்வென்ட் பசங்க மூணு ரவுண்டு பேசி முடிச்சிருப்பாங்க. 'கம்யூனிகேஷன் ஸ்கில்' பத்தலைன்னு ஒரு வார்த்தையில முடிச்சு அனுப்பினாங்க. ஏழு வருஷம், பத்து வருஷம் கழிச்சும் அந்த ஒரு வார்த்தையைத் தூக்கிச் சுமந்துக்கிட்டு அலையறவங்க எனக்குத் தெரிஞ்சே உண்டு. முன்ஷி இல்லாத துரைதான் அவங்க. பாஷை தெரியாத ஊர்ல தனியா இறக்கி விடப்பட்டவங்க.

2016 ஜனவரி 1லேருந்து மத்திய அரசுல கீழ்நிலைப் பணிகளுக்கு இன்டர்வியூவை எடுத்துட்டாங்க. சிவில் சர்வீஸுக்கு இன்னும் இருக்கு, மொத்தம் 2025ல 275 மார்க். இங்க மாவட்ட வேலைவாய்ப்பு ஆபீஸ்கள்ல தன்னார்வ பயிலும் வட்டம்னு இலவசமா வகுப்பு எடுக்கிறாங்க. 2022 மார்ச் 1ல 'நான் முதல்வன்' திட்டம் ஆரம்பிச்சப்போ நேர்முகத் தேர்வுப் பயிற்சியையும் அதுல சேர்த்தாங்க. இதெல்லாம் அந்தப் பள்ளத்தை மூடற வேலைதான். அதே 2022 நவம்பர் 30ல சாட்ஜிபிடி வந்துச்சு. நடுராத்திரியிலயும் சலிக்காம பேசற முன்ஷி!

மெஷின் கூடப் பேசறது புதுசு இல்லை. 1966லயே எம்.ஐ.டி.யில ஜோசப் வைசன்பாம் எலிசான்னு ஒரு புரோகிராம் எழுதினார். நீங்க சொன்னதையே கேள்வியாத் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். அதுக்கே ஜனங்க உருகிப் போய் மனசுல இருக்கறதையெல்லாம் கொட்டினாங்களாம், எழுதினவரே மிரண்டுட்டார். இப்போ இருக்கிறது அதைவிட ஆயிரம் மடங்கு கெட்டிக்காரத்தனம். வேலை விளம்பரத்தைக் கொடுத்தா கேள்வித்தாள் தயார் பண்ணும். பயோடேட்டாவைக் கொடுத்தா இங்கிலீஷைத் திருத்தும். வாயால பேசினா வாயாலயே பதில் சொல்லும். தமிழ்ல சந்தேகம் கேட்டா தமிழ்ல விளக்கும். 2022லயே கூகுள் 'இன்டர்வியூ வார்மப்'னு ஒண்ணு வெளியிட்டுச்சு. கேள்வி கேட்கும், நாம பேசறதை எழுத்தாக்கி, எந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்றோம்னு காட்டும்.

எங்க அக்கா பையன் கதையைச் சொல்றேன். விழுப்புரத்துல பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவன். சென்னையில ஒரு கம்பெனியில சப்போர்ட் வேலைக்குக் கூப்பிட்டிருந்தாங்க. போனைக் காட்டி, "மாமா, 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்'க்கு சூப்பரா எழுதிக் கொடுத்திருக்கு பாருங்க"ன்னான். பார்த்தேன். இங்கிலீஷ்ல ஒரு தப்பு கிடையாது. 'பேஷனேட்', 'டைனமிக்', 'ரிசல்ட் ஓரியண்டட்'னு சக்கரைப் பாகு. அந்த ஆளு யாருன்னு எனக்குத் தெரியவே இல்லை. நான் தூக்கி வளர்த்த பையன் அதுல எங்கயுமே இல்லை.

"நீ இதுவரைக்கும் ஏதாச்சும் ரிப்பேர் பண்ணியிருக்கியாடா?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் முழிச்சிட்டு, "மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டினேன் மாமா, அதெல்லாமா சொல்றது?"ன்னான். கிணத்து மோட்டாருக்கு த்ரீ ஃபேஸ் கரண்டு எந்நேரத்துக்கு வரும்னு காத்துக்கிட்டு, ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் லைட்டோட வரப்புல நடக்கிற அப்பாவுக்காக, சிம் கார்டு போட்ட ஸ்டார்ட்டரை வாங்கி இவனே மாட்டியிருக்கான். போன்லேருந்து மோட்டாரை ஆன் பண்ணலாம், ஆஃப் பண்ணலாம். முதல் வாரம் வேலை செய்யலை, இவனே கண்டுபிடிச்சு சரி பண்ணியிருக்கான். சப்போர்ட் வேலைன்னா வேற என்னங்க? அதேதானே!

இந்த விஷயம் மெஷினுக்குத் தெரியாது. இவன் சொல்லவே இல்லையே. சொல்லக்கூடிய விஷயம்னே இவனுக்குத் தோணலை. அப்புறம் நான் சொன்னேன், அது கிட்ட பதிலை வாங்காத, கேள்வியை வாங்கு. 'நான் இந்த மாதிரி ஒரு ஸ்டார்ட்டர் மாட்டினேன். நீ இன்டர்வியூ எடுக்கிறவன். ஒரு நேரத்துல ஒரு கேள்விதான் கேட்கணும். பாராட்டாத. நான் சொல்ற பதிலைத் தோண்டித் தோண்டிக் கேளு'ன்னு தமிழ்லயே அடிச்சான். மூணாவது கேள்வியிலயே மாட்டிக்கிட்டான்: சிக்னல் இல்லாத நேரத்துல மோட்டார் ஓடிக்கிட்டு இருந்தா எப்படி நிறுத்துவ? கிணத்துல தண்ணி வத்திட்டா மோட்டார் காயாம இருக்க என்ன ஏற்பாடு? பையன் எழுந்து ஸ்டார்ட்டர் பெட்டியில ஒட்டியிருந்த விளக்கக் காகிதத்தைத் தேடிப் போனான். அதான்யா தயாரிப்பு! மறுநாள் அதையே இங்கிலீஷ்ல சொல்லிப் பார்த்தான். திக்கினான். திக்கறது வெளியில தெரியலை, போனுக்கும் அவனுக்கும் நடுவுல மட்டும்தான். கோட்டைக் கல்லூரியில துரைக்குக் கிடைச்ச அதே நாலு சுவரு.

கொஞ்சம் எச்சரிக்கையும் வேணும். இந்த மெஷின் தெரியாததையும் தெரிஞ்ச மாதிரியே பேசும். கம்பெனி எந்த வருஷம் ஆரம்பிச்சது, எங்கே கிளை இருக்குன்னு கேட்டா பல நேரம் தானே ஒண்ணைச் செஞ்சு கொடுத்துடும். அதை நம்பி உள்ள போய்ச் சொன்னா சிரிப்பாங்க. கம்பெனியோட சொந்தப் பக்கத்துல சரிபார்க்காம ஒரு வரி கூட எடுத்துட்டுப் போகக்கூடாது. இன்னொண்ணு, அது ரொம்பப் புகழும். முன்ஷி துரையைப் புகழ்ந்திருப்பாரு, சம்பளத்துக்கு. இது சும்மாவே புகழுது. ஆதார் நம்பர், வீட்டு விலாசம், மார்க் ஷீட்டு எல்லாத்தையும் அதுல ஏத்தி வைக்காம இருக்கிறதும் நல்லது.

இப்போ அந்தக் குடத்துக்கு வருவோம். மேசைக்கு அந்தப் பக்கமும் மெஷின் உட்கார்ந்திருக்கு. அமேசான் கம்பெனி விண்ணப்பங்களைத் தரம் பிரிக்க ஒரு ஏஐ பண்ணிப் பார்த்துச்சு. பழைய விண்ணப்பங்கள்ல பெரும்பாலும் ஆம்பளைங்க. அதைப் படிச்சே கத்துக்கிட்ட மெஷின், பெண்கள்னு பொருள்படற வார்த்தை இருந்தாலே மார்க்கைக் குறைக்க ஆரம்பிச்சுது. அந்தத் திட்டத்தையே கைவிட்டுட்டாங்க, 2018ல செய்தி வெளியில வந்துச்சு. வீடியோ இன்டர்வியூ நடத்தற ஹயர்வ்யூ கம்பெனி, முகத்தைப் பார்த்து மதிப்பிடற முறையை 2021ல நிறுத்தறதா அறிவிச்சுது. நியூயார்க் நகரத்துல இந்த மாதிரிக் கருவிகளுக்குப் பாரபட்சத் தணிக்கை கட்டாயம், 2023 ஜூலைலேருந்து அமல். ஐரோப்பிய யூனியன்ல வேலையிடத்துல முகத்தைப் பார்த்து உணர்ச்சியைக் கண்டுபிடிக்கிற ஏஐக்கு 2025 பிப்ரவரிலேருந்து தடை. உத்திரமேரூர்க் குடத்துல ஓலை போடறதுக்கு முன்னாடியே வடிகட்டினாங்கன்னு சொன்னேன்ல? ஆனா அந்த விதிகளைக் கல்லுல வெட்டி எல்லாரும் படிக்கிற மாதிரி வெச்சாங்க. நிலம் இல்லாதவனுக்குத் தன்னை ஏன் ஒதுக்கினாங்கன்னாவது தெரிஞ்சுது. இந்த மெஷின் எதுக்கு ஒதுக்குதுன்னு ஒதுக்கப்பட்டவனுக்குத் தெரியறதில்லை. 1970ல மொத்தமா ஒரு மார்க்கைப் போட்ட கமிட்டி மாதிரியே. அன்னிக்கு அதைக் கேள்வி கேட்க ஒரு கோர்ட்டு இருந்துச்சு, ஒரு மாணவன் போனான். இன்னிக்கு எந்தக் கதவைத் தட்டறது?

கம்பெனிக்காரங்களுக்கும் தலைவலி. 2025 ஆரம்பத்துல கொலம்பியா யுனிவர்சிட்டியில ஒரு மாணவர், ஆன்லைன் இன்டர்வியூ நடக்கும்போதே திரையில ரகசியமாப் பதில் காட்டற ஒரு கருவியைச் செஞ்சு பெரிய பரபரப்பு. அந்த வருஷம் ஜூன்ல சுந்தர் பிச்சை ஒரு பேட்டியில, ஒரு ரவுண்டாவது நேர்ல வெச்சுக்கப் போறோம்னு சொன்னார். எனக்கு இதுல ஒரு வருத்தம். ஆன்லைன் இன்டர்வியூ வந்ததுல கெடார்ப் பையனுக்கு பஸ் காசு, லாட்ஜ் காசு, ஒரு நாள் கூலி எல்லாம் மிச்சமாச்சு. எங்கேயோ யாரோ திருட்டுத்தனம் பண்ணதுக்கு அந்த மிச்சம் போகப் போகுது. திருடினவனுக்கு அந்தச் செலவு ஒரு பொருட்டில்லை.

நம்ம மாவட்டத்துலயே வேலை வந்தா நல்லதுதான். 2024 பிப்ரவரி 17ல வானூர் தாலுகா திருச்சிற்றம்பலத்துல மினி டைடல் பார்க் திறந்தாங்க, சுமார் 63,000 சதுர அடி. அங்க இன்டர்வியூன்னா வீட்டுச் சோறு தின்னுட்டுப் போகலாம். சென்னைன்னா இன்னமும் முந்தின ராத்திரிதான். அந்த ராத்திரியில போனைத் திறக்கிறவங்களுக்குச் சொல்றேன். முதல் வரியில 'எனக்கு பதில் எழுதிக் கொடு'ன்னு அடிக்காதீங்க. உங்க கிணத்து மோட்டாரைப் பத்தி, அம்மாவோட மகளிர் குழுக் கணக்கை நீங்க எழுதிக் கொடுத்ததைப் பத்தி, ரேஷன் கடையில கைரேகை மெஷின் மக்கர் பண்ணப்போ பாட்டிக்கு உதவினதைப் பத்தி அடிச்சிட்டு, கேள்வி கேட்கச் சொல்லுங்க. விடியற்காலை விழுப்புரம் ஜங்ஷன்ல எந்த ரயில் எத்தனை நிமிஷம் லேட்டுங்கிறதை மட்டும் அது கிட்டக் கேட்காம, பிளாட்ஃபாரத்துல டீ விக்கிறவர் கிட்டக் கேளுங்க.